வணக்கமும் கொலையும் ஒரே கோயிலில்: பண்டைய எகிப்தின் புனித விலங்குகள் பற்றிய ஒரு விளக்கம்

கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், தாம் நேரில் கண்டதாக ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். ரோமானியர் ஒருவரின் கையால் ஒரு பூனை தவறுதலாக இறந்துவிட, ஊர்மக்கள் திரண்டு அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டனர். ரோமின் பகை வந்துவிடக் கூடாது என்று எகிப்திய அரசு அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. அரசர் அனுப்பிய அதிகாரிகள் வந்து மன்றாடியும் அந்த மனிதரைக் காப்பாற்ற முடியவில்லை.

இதற்கு நேர்மாறான சாட்சி ஆய்வகங்களிலிருந்து வருகிறது. பிரிட்டன் அருங்காட்சியகங்களில் உள்ள பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவற்றுள் பல பூனைகள் ஒரு வயது நிறையும் முன்பே கழுத்து முறிக்கப்பட்டு இறந்தவை என்று 1981-இல் காட்டினர். 2020-இல் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தினர் நுண் சி.டி. ஸ்கேன் மூலம் ஆராய்ந்த பூனை மம்மியும் ஐந்து மாதம்கூட நிறையாத குட்டியாகவே இருந்தது. அதன் கழுத்தும் முறிந்திருந்தது.

ஒரு பூனை தவறிச் செத்ததற்கு மனிதனைக் கொன்ற மக்கள், பூனைக்குட்டிகளின் கழுத்தை வரிசையாக முறித்தது எப்படி? எகிப்தின் பழைய இடுகாடான சக்காராவில் நாய் மம்மிகள் 80 லட்சம் இருந்திருக்கலாம் என்று 2015-இலும், அபிடோஸில் 2,000-க்கும் மேற்பட்ட ஆட்டுக்கிடாத் தலைகள் கிடைத்தன என்று 2023-இலும் செய்திகள் வந்தபோது, இதே குழப்பம்தான் வாசகர்களிடம் எழுந்தது. சிலர் எகிப்தியரை விலங்கு நேசர்கள் என்றனர். சிலர் மூடநம்பிக்கையின் உச்சம் என்றனர். இரண்டுமே பிழையான முடிவுகள். ‘புனித விலங்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நிலையிலுள்ள விலங்குகளைப் போட்டு அடைப்பதால்தான் இந்தக் குழப்பம் உண்டாகிறது.

## அவர்கள் வணங்கியது விலங்கையா?

எகிப்தியக் கோயில் சுவர்களில் பருந்துத் தலையுடன் ஹோரஸ், நரித் தலையுடன் அனுபிஸ், வளைந்த அலகுடைய அரிவாள்மூக்கன் பறவையின் தலையுடன் தோத், முதலைத் தலையுடன் சோபெக் என்று தெய்வங்கள் நிற்கின்றன. தெய்வத்தின் உண்மையான முகம் இதுதான் என்று எகிப்தியர் எண்ணவில்லை. தெய்வத்தின் இயல்பைக் கண்ணுக்குக் காட்டும் குறியாகவே அந்தத் தலை அமைந்தது. அதனால்தான் ஒரே தெய்வம் பல வடிவங்களை எடுக்க முடிந்தது: எழுத்துக்கும் கணக்குக்கும் நிலவுக்கும் உரிய தோத், அரிவாள்மூக்கனாகவும் வருவார், பபூன் குரங்காகவும் வருவார். ஹாத்தோர் முழுப் பசுவாகவும், பசுவின் காதுகள் மட்டும் கொண்ட பெண்ணாகவும், கொம்புகளுக்கிடையே சூரிய வட்டம் சூடிய அரசியாகவும் காட்சி தருகிறாள்.

இந்தக் குறிகளின் பின்னால் கூர்மையான கவனிப்பு இருந்தது. இடுகாட்டு ஓரங்களில் நரியினம் சுற்றித் திரிவதைக் கண்டவர்கள், இறந்தோரின் காவலை அனுபிஸிடம் ஒப்படைத்தார்கள். சூரியன் எழும் வேளையில் பபூன்கள் கூச்சலிடுவதைக் கண்டு, அவை கைகளை உயர்த்திச் சூரியனை வாழ்த்துவதாகச் செதுக்கினார்கள். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டின் உருண்டையிலிருந்து புதிய வண்டுகள் வெளிவருவதைக் கண்டு, விடியற்காலைச் சூரியனுக்கே ‘கெப்ரி’ என்று அந்த வண்டின் பெயரைத் தந்தார்கள். ‘ஆகுதல், தோன்றுதல்’ என்பதற்கான எகிப்தியச் சொல்லை எழுதவும் அதே வண்டின் உருவமே பயன்பட்டது.

இங்கே நமக்குத் தேவைப்படும் முக்கியமான சொல் ‘பா’. ஆன்மா என்று இதை மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் தெய்வங்களைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வுலகில் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் என்று இதைக் கொள்வதே பொருந்தும். கருவறையில் உள்ள சிலைக்குள் தெய்வத்தின் பா வந்து தங்கலாம்; அதேபோல, உயிருள்ள ஒரு விலங்கின் உடலிலும் தங்கலாம். ஆகவே அந்த விலங்கைத் தெய்வத்தின் வாகனம் என்று கொள்வதும் சரியாகாது. தெய்வம் குடியேறிய உயிருள்ள திருமேனி என்பதே அதன் நிலை. எட்ஃபுவில் உள்ள ஹோரஸ் கோயிலில் ஆண்டுதோறும் ஓர் உயிருள்ள பருந்தைத் தேர்ந்தெடுத்து, அரசனுக்குச் செய்வதைப் போலவே முடிசூட்டிய சடங்கு இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புனிதம் என்பது நாடு முழுவதற்கும் பொதுவாக இருக்கவில்லை. தீப்ஸ் பகுதியிலும் மோரிஸ் ஏரிப் பகுதியிலும் முதலை புனிதமானது, எலிஃபன்டைன் பகுதியினரோ அதை உண்பார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தங்கள் ஊரின் புனித மீனைப் பக்கத்து ஊரார் தின்றதால் ஆக்ஸிரின்கஸ் மக்கள் அந்த ஊரின் புனித நாயைப் பிடித்துப் பலியிட்டுத் தின்றார்கள் என்றும், அது சண்டையாக மூண்டது என்றும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். எந்த விலங்கு புனிதம் என்பதை எந்த ஊர், எந்தக் கோயில் என்பதுதான் தீர்மானித்தது.

## நான்கு வகை உடல்கள்

கெய்ரோவில் பணியாற்றும் தொல்லியலாளர் சலீமா இக்ரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், எகிப்தில் கிடைக்கும் பதப்படுத்தப்பட்ட விலங்குகளை அவற்றின் நோக்கத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். செய்தியில் ‘விலங்கு மம்மி’ என்று படிக்கும்போதெல்லாம், இவற்றுள் எது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

1. செல்லப் பிராணிகள். மூன்றாம் அமென்ஹோடெப்பின் மகன் இளவரசர் துட்மோஸ், தம் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் பேழை செய்வித்தார். ‘தா-மியூ’ என்று அதன் பெயர் பேழையில் பொறிக்கப்பட்டுள்ளது. பெண்பூனை என்பதுதான் பொருள். பூனையின் முன்னே படையல் மேசை இருக்கிறது. அது தெய்வமாகக் கருதப்படவில்லை. பிரிய மனமில்லாத எசமானர் மறுமைக்கும் உடன் அழைத்துச் செல்ல விரும்பினார், அவ்வளவே.

2. உணவு. துட்டன்காமனின் கல்லறையில், பதப்படுத்திய வாத்தும் மாட்டிறைச்சியும் தனித்தனிப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. இறந்த அரசர் மறுமையில் உண்பதற்கான ஏற்பாடு இது.

3. கோயில் விலங்கு. ஒரு காலத்தில் ஒன்றே ஒன்று. குறிகளைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, தெய்வத்தின் பா தங்கும் உடலாக ஏற்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் பேணப்பட்டு, இறந்தபின் அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

4. காணிக்கை விலங்கு. பல லட்சக்கணக்கில் பதப்படுத்தப்பட்டுத் தெய்வத்துக்குச் செலுத்தப்பட்டது. செய்திகளில் வரும் பெரிய எண்ணிக்கைகள் அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை.

செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்த விலங்குக் கல்லறையை முதல் வகையின் அருகில் வைக்க வேண்டும். கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அங்கே பூனைகளும் நாய்களும் மம்மியாக்கப்படாமல், உறங்குவதுபோல் கிடத்தப்பட்டுப் புதைக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் கழுத்தில் பட்டைகளும் மணிகளும் உள்ளன. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த குரங்குகளும் அவற்றினிடையே உண்டு. தமிழ்-பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடும், கோயில் முற்றத்தில் இந்தியச் சாடியொன்றில் 7.5 கிலோ அளவிலான கருமிளகும் கிடைத்த அதே துறைமுகம்தான் இது. எகிப்து மண்ணில் புதைக்கப்பட்ட ஒவ்வொரு விலங்கையும் மதத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

## ஒரே ஒரு காளை

கோயில் விலங்குகளில் தலையாயது, மெம்ஃபிஸ் நகரின் ஆப்பிஸ் காளை. ப்தா என்னும் படைப்புத் தெய்வத்தின் தூதராக அது கருதப்பட்டது. எகிப்தின் முதல் அரசமரபுக் காலத்திலேயே, அதாவது கி.மு. 3000-ஐ ஒட்டியே, ஆப்பிஸ் வழிபாட்டுக்குச் சான்று இருக்கிறது. ஹீலியோபோலிஸில் மினேவிஸ், தெற்கே ஆர்மண்டில் புக்கிஸ் என்று வேறு புனிதக் காளைகளும் உண்டு. ஆனால் ஆப்பிஸின் வாழ்வும் சாவும் போல விரிவாகப் பதிவானவை வேறில்லை.

ஒரு ஆப்பிஸ் இறந்தவுடன் அடுத்ததைத் தேடிப் பூசாரிகள் புறப்படுவார்கள். கருநிற உடல், நெற்றியில் வெள்ளைக் குறி, முதுகில் கழுகின் வடிவம், வாலில் இரட்டை மயிர், நாக்கின் அடியில் வண்டு வடிவம் ஆகியவை இருக்க வேண்டும் என்று ஹெரோடோட்டஸ் பட்டியலிடுகிறார். குறிகள் பொருந்திய கன்று கிடைத்தால் நாடே கொண்டாடும். கன்றை ஈன்ற பசுவும் புனிதமாகிவிடும். ‘ஆப்பிஸின் தாய்’ என்ற பெயரில் அந்தப் பசுக்களுக்கென்றே சக்காராவில் தனிச் சுரங்கக் கல்லறை இருந்தது. மெம்ஃபிஸ் கோயிலில் ஆப்பிஸுக்குத் தனித் தொழுவம் உண்டு என்றும், குறித்த நேரத்தில் அதை முற்றத்தில் அவிழ்த்துவிட்டுப் பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள் என்றும் ரோமானியர் காலத் தொடக்கத்தில் அங்கே சென்ற கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இறப்பு இன்னும் பெரிய நிகழ்ச்சி. மனிதருக்கு வழங்கிய அதே 70 நாள் சடங்குக் காலம் ஆப்பிஸுக்கும் உண்டு. மெம்ஃபிஸில் காளையின் உடலைக் கிடத்திப் பதப்படுத்திய அலபாஸ்டர் மேசைகள் இன்றும் உள்ளன. அவற்றுள் பெரியது 5 மீட்டருக்கு மேல் நீளமுடையது. உடலை எப்படிச் சுற்றுவது, எந்தத் துணியை எங்கே வைப்பது, பூசாரிகள் எப்போது ஒப்பாரி வைப்பது என்பதையெல்லாம் விதித்துரைக்கும் பாப்பிரஸ் சுருள் ஒன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. செலவும் அதற்கேற்ப இருந்தது. அலெக்சாண்டருக்குப் பின் ஆட்சிக்கு வந்த முதலாம் தாலமி காலத்தில் ஆப்பிஸ் இறந்தபோது, அதைப் பேணியவர் தம்மிடமிருந்த பெரும் பணத்தைச் செலவழித்தது போதாமல், தாலமியிடம் 50 தாலந்து வெள்ளி கடன் வாங்க நேர்ந்தது என்று டியோடோரஸ் குறிக்கிறார்.

இந்தச் சடங்கில் பங்கேற்ற எளிய மனிதர்களின் குரலும் நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. கி.மு. 164-இல் ஒரு ஆப்பிஸ் இறந்தபோது, ஐசிஸ், நெஃப்திஸ் ஆகிய தெய்வச் சகோதரியரின் இடத்தில் நின்று அழுது சடங்கு செய்யத் தாவேஸ், தாவுஸ் என்ற இரட்டைச் சகோதரிகள் அமர்த்தப்பட்டனர். குடும்பத்தில் கைவிடப்பட்டு, பசியோடு கோயிலை அண்டி வந்த பெண்கள் அவர்கள். சடங்குப் பணிக்கு ஊதியமாகத் தரவேண்டிய ரொட்டியும் எண்ணெயும் வந்துசேரவில்லை. கோயில் வளாகத்தில் தங்கியிருந்த தாலமயோஸ் என்பவர் அவர்களுக்காக அரசருக்கும் அதிகாரிகளுக்கும் மனுமேல் மனு எழுதினார். நல்லெண்ணெய் இவ்வளவு, ஆமணக்கெண்ணெய் இவ்வளவு என்று நிலுவைக் கணக்கு அவற்றில் வருகிறது. தெய்வம் இறந்த துக்கத்தை நடத்திக்கொடுத்த பெண்கள் எண்ணெய்க்காக அலைந்திருக்கிறார்கள் என்பதை அந்த மனுக்கள் இல்லாவிட்டால் நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

1850-இல் ஓகுஸ்த் மாரியெட் என்ற பிரெஞ்சுக்காரர் பழஞ்சுவடிகள் வாங்க எகிப்துக்கு வந்திருந்தார். சக்காரா மணலில் ஒரு ஸ்பிங்க்ஸின் தலை துருத்தி நிற்பதைக் கண்டதும், மணலில் புதையும் ஸ்பிங்க்ஸ் வரிசை பற்றி ஸ்ட்ராபோ எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. சுவடிக்கான பணத்தில் அகழாய்வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவர் நுழைந்த நிலத்தடிக் கூடங்கள்தான் இன்று ‘செராபியம்’ என்று அழைக்கப்படுகின்றன. இரு புறமும் அறைகள். அறைகளில் பெரும்பாலும் கருங்கல்லால் ஆன 24 மாபெரும் பேழைகள். பல 60 டன்னுக்குக் குறையாதவை. இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் மூடப்பட்டுத் திருடர் கை படாமல் இருந்த ஓர் அறையைத் திறந்தபோது, கடைசியாக வெளியேறிய தொழிலாளியின் காலடித் தடம் தரையில் அப்படியே இருந்ததாக மாரியெட் எழுதியிருக்கிறார்.

கல்லறையில் பதித்த நினைவுக்கற்களில், ஒவ்வொரு ஆப்பிஸும் எந்த அரசரின் எத்தனையாம் ஆட்சியாண்டில் பிறந்தது, எப்போது கோயிலில் அமர்த்தப்பட்டது, எப்போது இறந்தது என்று குறித்திருந்தார்கள். எகிப்தின் 26ஆம் அரசமரபின் ஆண்டுக்கணக்கை வரலாற்றாசிரியர்கள் உறுதியாகக் கட்டமைக்க முடிந்ததில் இந்தக் காளைகளின் வாழ்க்கைக் குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

## லட்சக்கணக்கான பறவைகள்

இனி நான்காம் வகை. இங்கே ஒரு பறவைக்குத் தனி வரலாறு கிடையாது. குறிகளைத் தேடுவதும் கிடையாது. தோத்துக்கு அரிவாள்மூக்கன், ஹோரஸுக்குப் பருந்து வகைகள், பாஸ்டெட்டுக்குப் பூனை, அனுபிஸுக்கு நாய் என்று அந்தந்தத் தெய்வத்துக்குரிய இனம் என்பதே தகுதி. வேடந்தாங்கலில் வந்திறங்கும் வெள்ளை அரிவாள்மூக்கனைப் பார்த்தவர்களுக்கு எகிப்தியப் பறவையைக் கற்பனை செய்வது எளிது. இரண்டும் மிக நெருங்கிய உறவுடைய இனங்கள்.

சக்காராவிலும் டூனா எல்-கெபெலிலும் பாறையைக் குடைந்த நிலத்தடிச் சுரங்கங்களில், களிமண் சாடிகள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சாடிக்குள்ளும் ஒரு பொதி. பறவையின் கழுத்தை மடக்கி, கால்களை உடலோடு ஒடுக்கி, பிசின் பூசி, லினன் துணியால் சுற்றியிருப்பார்கள். சிலவற்றின் மேல் இரண்டு நிறத் துணிப் பட்டைகளைச் சாய்சதுரக் கோலமாகப் பின்னியிருப்பார்கள். அந்தப் பின்னலின் நேர்த்தி இன்றைய நெசவாளரையும் நின்று பார்க்க வைக்கும். வேறு சிலவோ ஏனோதானோவென்று சுற்றப்பட்டவை.

இத்தனை விலங்குகள் எப்படிக் கிடைத்தன என்பதற்கு இனத்துக்கு இனம் விடை மாறுகிறது.

1. நாய்கள். சக்காராவின் அனுபிஸ் சுரங்கத்தில் கிடைத்தவற்றுள் பல, பிறந்து சில மணி நேரமோ சில நாட்களோ ஆன குட்டிகள். இதற்கென்றே நாய்கள் வளர்க்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதக் காரணம் இதுதான்.

2. பூனைகள். எக்ஸ்ரேயில் வயது கணித்தபோது, இரண்டு முதல் நான்கு மாதம் வரையுள்ளவையும், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ளவையுமே மிகுந்திருந்தன. இயற்கையாக இறந்திருந்தால் வயது இப்படிக் குவிந்திருக்காது.

3. அரிவாள்மூக்கன்கள். இவையும் பண்ணைகளில் பெருக்கப்பட்டவையே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2019-இல் வெளியான மரபணு ஆய்வு, மம்மிப் பறவைகளிடையே காட்டுப் பறவைகளுக்கு நிகரான மரபணு வேறுபாடு இருப்பதைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாக அடைத்து வளர்த்த கூட்டத்தில் அந்த வேறுபாடு குன்றியிருக்க வேண்டும். ஆகவே காட்டுப் பறவைகளைப் பிடித்துவந்தோ, கோயில் சார்ந்த சதுப்பு நிலங்களுக்கு இரைபோட்டு வரவழைத்தோ பேணியிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு முடிவு கட்டியது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சக்காராவின் அரிவாள்மூக்கன் வழிபாட்டில் பணியாற்றிய ஹோர் என்பவர், பானை ஓடுகளில் டெமோட்டிக் என்னும் அன்றாட எகிப்திய எழுத்தில் குறிப்புகள் எழுதிவைத்தார். 60,000 பறவைகளுக்குத் தீனி போட்ட செய்தி அவற்றில் வருகிறது. நிர்வாகத்தில் முறைகேடு நடந்ததும், அதைத் திருத்த முனைந்ததும் வருகின்றன. ‘ஒரு சாடியில் ஒரு தெய்வம்’ என்ற விதி அப்போது வலியுறுத்தப்பட்டது. இந்தச் சிறு தொடரை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: பறவை என்றோ பறவையின் உடல் என்றோ சொல்லவில்லை, சாடிக்குள் இருப்பதைத் தெய்வம் என்றே அவர்கள் குறித்தார்கள்.

அந்த விதிக்குத் தேவையும் இருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 800-க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது, மூன்றில் ஒரு பங்கில் முழு உடலும், இன்னொரு பங்கில் உடலின் சில பகுதிகளும் இருந்தன; எஞ்சிய பங்கில் எலும்பே இல்லை. மண்ணும் நாணலும் இறகும் முட்டை ஓடுமே துணிக்குள் இருந்தன. பக்தர்களை ஏமாற்றிய மோசடி என்று இதைச் சில செய்திகள் எழுதின. அப்படித் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. புனித விலங்கைத் தொட்டு வாழ்ந்த இறகும் கூட்டின் நாணலும் தாமும் புனிதமே என்று கருதியிருந்தால், அவற்றைத் தூக்கி எறிவதுதான் பாவம், பொதிந்து வைப்பதே முறை. ஹோரின் குறிப்புகள் முறைகேட்டுக்குச் சான்று. ஆனால் எலும்பில்லாத ஒவ்வொரு பொதிக்கும் அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

## கொலை புனிதமானது எப்படி?

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வரலாம். எலும்புகள் காட்டும் கொலையையும், எழுத்துகள் காட்டும் பக்தியையும் சேர்த்து விளக்க, எகிப்தியரின் மரணக் கருத்தைப் படிப்படியாகப் பின்தொடர வேண்டும்.

1. எகிப்திய நம்பிக்கையில், முறைப்படி பதப்படுத்தப்பட்டுச் சடங்கு பெற்றவர் ஒசைரிஸ் ஆகிறார். கொல்லப்பட்டு, உடல் சேர்க்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்ற தெய்வம் ஒசைரிஸ்.

2. இது விலங்குக்கும் பொருந்தும். இறந்த ஆப்பிஸ் ‘ஒசைரிஸ்-ஆப்பிஸ்’. சாடியில் வைத்த பறவை ‘ஒசைரிஸ் அரிவாள்மூக்கன்’. உயிரோடு இருந்தபோது அந்தப் பறவை தெய்வத்துக்குரிய இனத்தைச் சேர்ந்தது; சடங்குக்குப் பின்னரே அது தெய்வமாகிறது.

3. தெய்வமான அது, மனிதரின் வேண்டுதலை மேலுலகுக்குக் கொண்டுசெல்ல முடியும். தெய்வங்களுக்கு எழுதிய மனுக்கள் டெமோட்டிக் எழுத்தில் கிடைத்துள்ளன. தாயை இழந்த பிள்ளைகள் தந்தையின் கொடுமையை முறையிடும் மனுவும் அவற்றுள் ஒன்று. நோய், வழக்கு, அநீதி என்று மனிதருக்கு முறையிட எத்தனையோ இருந்தன; காணிக்கை மம்மி அந்த முறையீட்டோடு தொடர்புடையது.

4. எனவே கோயிலின் காவலுக்குள், சடங்கின் முதற்படியாக நிகழும் சாவு வேறு; தெருவில் ஒருவர் கல்லெறிந்து கொல்வது வேறு. முன்னது விலங்கைத் தெய்வநிலைக்கு உயர்த்துகிறது. பின்னது சடங்கின்றி, அடக்கமின்றி அதை அழித்துவிடுகிறது.

புனித விலங்கை வேண்டுமென்றே கொன்றவருக்கு மரணம், தவறிக் கொன்றவருக்குப் பூசாரிகள் விதிக்கும் தண்டம், அரிவாள்மூக்கனையோ பருந்தையோ கொன்றால் எப்படியானாலும் மரணம் என்று ஹெரோடோட்டஸ் சொல்லும் விதியும், எக்ஸ்ரேயில் தெரியும் முறிந்த கழுத்துகளும் இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கங்களில் நிற்கின்றன. விலங்கின் துன்பத்தை இந்த விளக்கம் குறைத்துவிடாது. ஸ்வான்சி ஆய்வில் இருந்த இளம் நாகப்பாம்புக்கு, நீரில்லாமல் தவித்ததால் ஏற்படும் கீல்வாத அறிகுறி இருந்தது. அதை வாலைப் பிடித்துச் சுழற்றி அறைந்து கொன்றதில் முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. தெய்வமாகப் போகும் உயிரை அவர்கள் நல்லபடியாக வைத்திருந்தார்கள் என்று சொல்ல அந்த எலும்புகள் இடம்தரவில்லை.

## ஏன் அந்தக் காலத்தில் மட்டும்?

மூவாயிரம் ஆண்டு எகிப்திய வரலாற்றில் காணிக்கை மம்மிகள் பெருகியது கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர்தான். பிரமிடு கட்டிய காலத்து எகிப்தியர் இப்படி லட்சக்கணக்கில் விலங்குகளைப் புதைக்கவில்லை. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. அசீரியர், பாரசீகர், கிரேக்கர் என்று அயலார் ஆட்சி மாறிமாறி வந்தபோது, அயலாரிடம் இல்லாத இந்த வழிபாடு எகிப்தியரின் தனி அடையாளமாயிற்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட கடைசி எகிப்திய அரசமரபினர் இதற்கு ஊக்கம் கொடுத்தார்கள். ஆர்மண்டின் புக்கிஸ் கல்லறை இரண்டாம் நெக்டனெபோ காலத்தில்தான் தொடங்குகிறது. பின்வந்த தாலமிகள் கிரேக்கராக இருந்தும் இதன் அரசியல் பயனை நன்கு உணர்ந்தார்கள். கி.மு. 196-ஐச் சேர்ந்த புகழ்பெற்ற ரோசெட்டாக் கல், ஐந்தாம் தாலமி ஆப்பிஸுக்கும் மினேவிஸுக்கும் பிற புனித விலங்குகளுக்கும் அளித்த கொடைகளைப் பாராட்டுகிறது. வளர்ப்பவர், துணி சுற்றுபவர், குயவர், சுரங்கம் குடைபவர் என்று பலருக்கு இது பிழைப்பாகவும் இருந்தது.

## அயலார் எழுதியதை எப்படிப் படிப்பது?

நாம் அறிந்த கதைகளில் பாதி, கிரேக்கரும் ரோமானியரும் எழுதியவை. பாரசீக மன்னர் காம்பிசெஸ் ஆப்பிஸைத் தொடையில் குத்திக் கொன்றார் என்று ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை மிகவும் பரவலானது. ஆனால் செராபியத்தில் கிடைத்த நினைவுக்கல், கி.மு. 524-இல் ஒரு ஆப்பிஸ் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டதைச் சொல்கிறது. அதன் கற்பேழையிலும் காம்பிசெஸின் பெயரே கொடையாளராகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வென்றவரை வெறுத்த மக்களிடம் கேட்ட கதையை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கலாம் என்று நினைக்கத்தான் இது இடமளிக்கிறது. எகிப்தைக் கைப்பற்றிய ஆக்டேவியனை ஆப்பிஸைக் காண அழைத்தபோது, தாம் வணங்குவது தெய்வங்களை, மாடுகளை அல்ல என்று மறுத்துவிட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். பா என்ற கருத்து தெரியாதவர்களுக்கு அது வெறும் மாடாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

## முதலைக்குள் இருந்த காகிதம்

ஃபையூம் பகுதியில் சோபெக் வழிபாடு செழித்தது. அங்குள்ள புனித முதலைக்குப் பார்வையாளர்கள் ரொட்டியும் இறைச்சியும் தேன் கலந்த பானமும் கொண்டுவருவார்கள். பூசாரிகள் அதன் வாயைத் திறந்து ஊட்டுவார்கள் என்று ஸ்ட்ராபோ நேரில் கண்டு எழுதினார். 1900-இல் டெப்டுனிஸில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மனித மம்மிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, முதலை மம்மிகளே வந்துகொண்டிருந்தன. சலித்துப்போன தொழிலாளி ஒருவர் ஒரு முதலையை உடைத்தெறிய, உள்ளே எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள்கள் இருந்தன. பயன்முடிந்த அலுவலகத் தாள்களைச் சுற்றவும் திணிக்கவும் பயன்படுத்தியிருந்தார்கள்.

அந்தத் தாள்களில் கி.மு. 112-ஐச் சேர்ந்த ஓர் அரசாங்கக் கடிதம் இருக்கிறது. லூசியஸ் மெம்மியஸ் என்ற ரோமானிய செனட்டர் ஃபையூமைச் சுற்றிப்பார்க்க வருகிறார், அவர் தங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள், புனித முதலைக்கும் மற்ற முதலைகளுக்கும் போடத் தின்பண்டம் தயாராக வையுங்கள் என்று அது கட்டளையிடுகிறது. முதலைக்குத் தீனி ஏற்பாடு செய்யச் சொன்ன கடிதம், முதலை மம்மியின் வழியாகவே நம் கைக்கு வந்துசேர்ந்தது.

## வழிபாடு நின்றபின்

கிறித்தவம் பரவியதும் கோயில்களுக்கான ஆதரவு வற்றியது. ஆர்மண்டில் கடைசியாகப் பதிவான புக்கிஸ் காளை கி.பி. 340-இல் அடக்கம் செய்யப்பட்டது. எகிப்தின் அரிவாள்மூக்கன் 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலிருந்தே மறைந்துபோயிற்று. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அது இன்றும் வாழ்கிறது.

மம்மிகளோ அறிவியலுக்குள் நுழைந்தன. நெப்போலியனின் படையெடுப்பின்போது பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரிவாள்மூக்கன் மம்மிகளை அளந்த பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே, அவை இன்றைய பறவைகளைப் போலவே இருப்பதைக் காட்டி, உயிரினங்கள் மாறுவதில்லை என்று வாதிட்டார். சில ஆயிரம் ஆண்டுகள் அதற்குப் போதாது என்பது பின்னர் தெளிவானது. எகிப்திய முதலை மம்மிகளைப் பார்த்து, நைல் முதலையிலிருந்து வேறான ஓர் இனம் உண்டு என்று 1807-இல் இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் ஜொஃப்ருவா செந்-இலேர் சொன்னதை நெடுங்காலம் யாரும் ஏற்கவில்லை. 2011-இல் வந்த மரபணு ஆய்வு அவர் சொன்னதே சரி என்று உறுதிசெய்தது.

1888-இல் பெனி ஹசன் அருகே ஓர் உழவர் தோண்டியபோது பூனை மம்மிகள் குவியலாக வெளிவந்தன. 1890-இல் அவற்றுள் சுமார் 1,80,000 பூனைகள், எடையில் 19 டன்னுக்கு மேல், கப்பலில் லிவர்பூலுக்கு வந்து ஏலம் போயின. ஏலம் விட்டவர் ஒரு பூனையின் மண்டையோட்டையே சுத்தியலாகத் தட்டினார் என்று அக்காலச் செய்திகள் சொல்கின்றன. வாங்கியவர்கள் அவற்றை அரைத்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். அந்தப் பூனைகள் எந்த வயதில் இறந்தன, எத்தனையின் கழுத்து முறிந்திருந்தது, எத்தனை பொதிகளில் வெறும் நாணல் இருந்தது என்ற கேள்விகளுக்கு விடை தரக்கூடிய எலும்புகள் இங்கிலாந்தின் வயல்களில் கரைந்துவிட்டன.